50 சீட் ஜெட்டில் பதினொரு வருடம்: எந்த சீட், எந்தப் பை

பியோரியாவுக்கு நான் குடிவந்தது 2013இல். இல்லினாய் மாநிலத்தின் நடுவில் இருக்கும் ஊர். சிகாகோவிலிருந்து காரில் இரண்டே முக்கால் மணி நேரம். விமான நிலையம் சின்னது, பத்து நிமிடத்தில் செக்யூரிட்டி முடிந்துவிடும். ஆனால் இங்கிருந்து வேலை விஷயமாக எங்கே போவதானாலும் பெரும்பாலும் முதலில் சிகாகோ ஓஹேர், டாலஸ், சார்லட் என்று ஒரு பெரிய ஊருக்குப் போய்த்தான் மாறியாக வேண்டும். அந்த முதல் விமானம் எப்போதும் குட்டி ஜெட்தான். வாலில் யுனைடெட், அமெரிக்கன் மாதிரி பெரிய கம்பெனியின் நிறம் இருக்கும், ஓட்டுவது ஸ்கைவெஸ்ட், என்வாய், பி.எஸ்.ஏ. மாதிரி ஒப்பந்த நிறுவனங்கள். மாதத்துக்கு இரண்டு தடவை வேலை விஷயமாக இதில் போய்வந்து, இப்போது கண்ணை மூடிக்கொண்டு சீட் எடுக்கும் அளவுக்குப் பழகிவிட்டது. புதிதாக இந்தப் பக்கம் வேலை கிடைத்து வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதால் எழுதுகிறேன்.

சீட் எடுக்கும் முன் என்ன விமானம் என்று பாருங்கள். டிக்கெட் விவரத்தில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், பாதிப் பேர் அதைப் படிப்பதே இல்லை. "ரீஜனல் ஜெட்" என்று பொதுவாகச் சொன்னாலும் ஒன்றுக்கொன்று அவ்வளவு வித்தியாசம்.

எனக்குப் பிடித்தது பிரேசில்காரர்களின் எம்ப்ரேயர் ஈ.ஆர்.ஜே. 145. 50 சீட். இடது பக்கம் ஒற்றை சீட், வலது பக்கம் இரட்டை சீட். இடது பக்கத்து 'ஏ' சீட் கிடைத்துவிட்டால் ஜன்னலும் உங்களுடையது, நடைபாதையும் உங்களுடையது, முழங்கை இடிக்க ஆள் இல்லை. தனியாகப் போகும் நாளில் எனக்கு வேறு சீட்டே தேவையில்லை. அந்த சுகத்துக்கு ஒரு விலை உண்டு. தலைக்கு மேல் சாமான் தட்டு வலது பக்கம் மட்டும்தான். 'ஏ' சீட்டுக்காரர் எழுந்து எதிர்ப்பக்கத் தட்டைத் திறந்தால், அங்கே உட்கார்ந்திருக்கும் இருவரும் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள். அதனால் 'ஏ' சீட் என்றால் என் பை எப்போதும் முன் சீட்டுக்கு அடியில்தான். உள்ளே உயரம் சுமார் 6 அடி. என்னுடன் வேலை செய்யும் ஒருவர் ஆறடி இரண்டங்குலம். பழைய ஓட்டு வீட்டு நிலைப்படியில் குனிவது போலக் குனிந்தே கடைசி வரிசை வரை போவார்.

அடுத்தது கனடாவின் சி.ஆர்.ஜே. 200. இதுவும் 50 சீட், ஆனால் இரண்டுக்கு இரண்டு. சாலஞ்சர் என்ற பணக்காரர்களின் தனி ஜெட்டை நீட்டி உருவாக்கியது. அதனால் வரும் கோளாறு என்னவென்றால், ஜன்னல் நம் தோளுக்குக் கீழே இருக்கும். வெளியே பார்க்கக் கழுத்தை ஒடித்துக் குனிய வேண்டும். ஜன்னல் சீட் என்று ஆசைப்பட்டு எடுத்து, 50 நிமிடமும் சுவரைப் பார்த்துக்கொண்டு வந்த நாள்கள் உண்டு. பின்னால் வந்த 700, 900 மாடல்களில் தரையைக் கொஞ்சம் இறக்கி ஜன்னலை ஏற்றிவிட்டார்கள். 200இல் நான் நடைபாதை சீட்தான் எடுப்பேன். ஜன்னல் பக்கம் சுவர் உள்நோக்கி வளைந்து வருவதால் தோள் இடிக்கும், காலடியிலும் ஒரு பக்கம் இடம் குறையும்.

இந்த இரண்டு விமானத்திலும் இன்ஜின் வாலருகே இருக்கிறது. முன் வரிசைகள் அமைதி, பின்னால் போகப் போக இரைச்சல். கடைசி இரண்டு மூன்று வரிசையில் ஜன்னல் வழியே இன்ஜின்தான் தெரியும், கழிவறையும் அங்கேயே. இரண்டு மணி நேரப் பயணம் என்றால் அந்த வரிசைகளை விட்டுவிடுங்கள். முதல் வரிசையும் நான் எடுப்பதில்லை. முன்னால் சீட் இல்லாததால் விமானம் கிளம்பும்போதும் தரை இறங்கும்போதும் காலடியில் பை வைக்க விடமாட்டார்கள். மேல்தட்டில் இடமும் இருக்காது. 4 முதல் 7 வரை என் வரிசைகள்.

கண்ணில் பட்டால் விடாமல் எடுக்க வேண்டியது எம்ப்ரேயர் ஈ 175. பெரும்பாலும் 76 சீட், இரண்டுக்கு இரண்டு, நடு சீட் என்ற தண்டனையே கிடையாது. நிமிர்ந்து நடக்கலாம். சீட்டும் பெரிய போயிங் 737இல் இருப்பதைவிடச் சற்று அகலம். இன்ஜின் இறக்கைக்குக் கீழே. 76க்கு மேல் ஏன் சீட் போடுவதில்லை என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். பெரிய கம்பெனிகள் தங்கள் பைலட் சங்கங்களுடன் போட்ட ஒப்பந்தத்தில், வெளியாருக்குக் கொடுக்கும் விமானம் 76 சீட்டையும் 86,000 பவுண்டு எடையையும் தாண்டக் கூடாது என்று இருக்கிறதாம். 50க்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. 50 சீட் வரை ஒரு பணிப்பெண் போதும், 51 ஆனால் இரண்டு பேர் வேண்டும் என்பது அரசு விதி. நாம் குனிந்து நடப்பதற்குப் பின்னால் இவ்வளவு பேரம் இருக்கிறது.

சரி, பைக்கு வருகிறேன். சீட் சரியில்லாவிட்டால் ஒரு மணி நேரத்தோடு போச்சு. பை விஷயத்தில் தவறினால் இரண்டு நாள் அவஸ்தை.

கேரி ஆன் அளவு என்று பெரிய கம்பெனிகள் சொல்வது 22க்கு 14க்கு 9 அங்குலம். அந்த அளவில் சரியாக வாங்கிய டிராலி, 50 சீட் ஜெட்டின் மேல்தட்டில் போகாது. கோட்டு, லேப்டாப் பை, கடையில் வாங்கிய பொம்மை, அவ்வளவுதான் அதற்குள் போகும். ஈ 175இல் டிராலியைப் பக்கவாட்டில் படுக்க வைத்தால் போகும். ஆனால் ஒரு பெட்டி இரண்டு பேர் இடத்தைத் தின்றுவிடுவதால் பாதிப் பேர் ஏறுவதற்குள் தட்டு நிரம்பிவிடும். ஒரு விதிவிலக்கு சி.ஆர்.ஜே. 550. 2019இல் யுனைடெட் கொண்டுவந்தது. 700இன் உடம்பில் 50 சீட் மட்டும் போட்டு, மிச்ச இடத்தில் பெட்டி வைக்க அலமாரி கட்டிவிட்டார்கள்.

மேலே போகாத பெட்டிக்குக் கேட்டில் ஒரு அட்டையை மாட்டிவிடுவார்கள். விமானத்தின் வாசலருகே விட்டுவிட்டு ஏறுகிறோம், அவர்கள் சாமான் அறையில் ஏற்றிவிடுகிறார்கள். காசு கிடையாது. இதில் இரண்டு வகை உண்டு என்பது எனக்கு மூன்று வருடம் தெரியாது. ஒன்று, இறங்கியதும் விமான வாசலிலேயே கையில் கொடுப்பது. இன்னொன்று, போய்ச் சேரும் ஊரின் சாமான் பெல்ட்டுக்கு அனுப்பிவிடுவது. இரண்டும் அட்டைதான், இரண்டையும் "செக் பண்ணிடறோம்" என்றுதான் சொல்வார்கள். "இது வாசலில் திரும்பக் கிடைக்குமா, பெல்ட்டுக்குப் போகுமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். பெல்ட்டுக்கு என்றால் துண்டுச் சீட்டைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் கேட்காமல் விட்ட நாள் அம்மா முதல் தடவை வந்தது. நானும் வெளியூர் வேலை முடிந்து அன்றைக்கே திரும்புவதாகத் தேதி பார்த்து, ஓஹேரில் அம்மாவைச் சந்தித்து, கடைசி விமானத்தில் இருவரும் சேர்ந்து வருவதாகத் திட்டம். கேட்டில் ஊழியர் அம்மாவின் நீலப் பையைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் அட்டையை மாட்டினார்.

"ஏன்டா, மெட்ராஸ்லேர்ந்து இவ்வளவு தூரம் என்கூடவே வந்த பை, இந்த முக்கா மணி நேரத்துக்கு ஆகாதாமா?"

"சின்ன ப்ளேன்மா. பிரஷர் மாத்திரை எங்க இருக்கு?"

"அதுலதான். அடியில."

கேட் முன்னால் தரையில் உட்கார்ந்து பையைத் திறந்தேன். சாம்பார் பொடி இரண்டு பொட்டலம், அப்பளக் கட்டு, முறுக்கு டப்பா, ஒரு பட்டுப்புடவை, அதற்கும் கீழே கைக்குட்டையில் முடிச்சுப் போட்ட மாத்திரை. கூடவே வழியில் போனுக்கு இருக்கட்டும் என்று தம்பி கொடுத்துவிட்ட பவர் பேங்க். வரிசையில் நின்றவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். ஊர்க் கல்யாணத்தில் சீர்வரிசைத் தட்டைப் பரப்பியது போல இருந்தது. மாத்திரையையும் பவர் பேங்கையும் என் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு ஏறினோம். பியோரியாவில் இறங்கி வாசலில் பதினைந்து நிமிடம் நின்றோம், பை வரவில்லை. பெல்ட்டிலும் இல்லை. மறுநாள் மதியம் வீட்டுக்கு வந்தது, சாம்பார் பொடி வாசனையோடு. மாத்திரையை மட்டும் எடுக்காமல் விட்டிருந்தால் ராத்திரி எந்த மருந்துக்கடையைத் தட்டியிருப்பேனோ.

அன்றிலிருந்து பெரிய பைக்குள் ஒரு சின்னப் பை. ஜிப் வைத்த துணிப்பை, பள்ளிக்கூடத்து டிபன் பை அளவு. மாத்திரை, பாஸ்போர்ட், விசா காகிதம், நகை, பவர் பேங்க், மூக்குக் கண்ணாடி எல்லாம் அதற்குள். அட்டை மாட்டினால் சின்னப் பையை உருவிக்கொண்டு பெரியதைக் கொடுத்துவிட வேண்டியது, பத்து வினாடி வேலை. இந்தியாவிலிருந்து வரும் பெற்றோருக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கடைசி விமானம் சின்னது என்பது அங்கே டிக்கெட் போடுகிறவர்களுக்குத் தெரியாது.

பவர் பேங்க் விஷயம் என் விருப்பமில்லை, அமெரிக்க விமானத் துறையின் விதி. தனியாக இருக்கும் லித்தியம் பேட்டரி எதுவும், கேட்டில் வாங்கிக்கொள்ளும் பையிலும்கூட இருக்கக் கூடாது. பயணியோடு உள்ளேதான் வர வேண்டும். உள்ளே புகைந்தால் அணைக்க ஆள் உண்டு, சாமான் அறையில் புகைந்தால் இல்லை. இ-சிகரெட்டுக்கும் இதே விதி.

வாசலில் விட்ட பெட்டி மழையில் நனையும் என்பது அடுத்த பாடம். தள்ளுவண்டியில் திறந்த வெளியில் நிற்கும். துணிப் பெட்டி என்றால் உள்ளே ஒரு பெரிய பிளாஸ்டிக் கவரைப் போட்டு அதற்குள் துணியை அடுக்குங்கள். ஜனவரியில் இன்னொன்று: கோட்டைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு ஏறாதீர்கள். இறங்கி, சூடேற்றாத ஏரோபிரிட்ஜில் மைனஸ் பதினைந்தில் பெட்டிக்காகக் காத்திருப்பீர்கள். நான் ஒரு தடவை அரைக்கைச் சட்டையோடு நின்றேன். பக்கத்தில் இருந்த பாட்டி இரக்கப்பட்டுத் தன் மப்ளரைக் கொடுத்தார்.

ஓஹேரில் அடுத்த விமானத்தைப் பிடிக்க ஓட வேண்டும் என்று முன் வரிசை சீட்டுக்குக் கூடுதலாகப் பணம் கட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். டிராலியை வாசலில் கொடுத்திருந்தால் அந்தப் பணம் வீண். முதலில் இறங்கினாலும் கடைசியில் இறங்கினாலும் எல்லோரும் ஒரே வண்டிக்காகத்தான் நிற்க வேண்டும், ஐந்திலிருந்து பத்து நிமிடம். முன் வரிசைப் பணம் செல்லுபடியாக வேண்டுமானால் முதுகுப்பை மட்டும் கொண்டுபோங்கள். நான் மூன்று நாள் வேலைக்கு மேல் இல்லையென்றால் டிராலியையே விட்டுவிட்டேன். இரண்டு சட்டை, ஒரு பேன்ட், லேப்டாப். அமுக்கினால் 145இன் சீட்டடியிலும் போகிறது. வெளிப்பக்கம் தண்ணீர் பாட்டில் துருத்தாமல் இருந்தால் சரி.

எடை சமன் செய்ய ஆளை இடம் மாற்றுவதும் இந்தச் சின்ன விமானங்களில் வழக்கம். கூட்டம் குறைவான நாளில் பணிப்பெண் வந்து, முன்னால் இருக்கிற மூன்று பேர் பின்னால் போங்கள் என்பார். காசு கட்டின சீட் என்று சண்டை போட்டுப் பயனில்லை, கணக்கு சரியாகும்வரை விமானம் கிளம்பாது. பணிப்பெண் சொல்லும்வரை அங்கேயே இருக்க வேண்டும்.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சிகாகோவில் கோடை மாலையில் இடி மழை வந்தால் முதலில் ரத்தாவது எங்களைப் போன்ற பக்கத்து ஊர் விமானங்கள்தான். ஓடுதளம் குறைவாகக் கிடைக்கும்போது 50 பேர் விமானத்தைவிட 180 பேர் விமானத்தைத்தான் விடுவார்கள். காலை முதல் விமானம் ராத்திரியே வந்து நம் ஊரில் தங்கிவிடும். அதை எடுத்தால் தப்பிக்கலாம். மாலை விமானம் என்றால் நான் கார் சாவியை மனதில் தயாராக வைத்திருப்பேன்.

ஊருக்குப் போகும்போது இந்தப் பாடமெல்லாம் தலைகீழ். போன டிசம்பரில் சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு இண்டிகோவின் ஏ.டி.ஆர். 72இல் போனோம். 78 சீட், விசிறி வைத்த விமானம், பின் கதவு வழியாக ஏற வேண்டும். முன்னால் இருக்கும் இடம் சாமானுக்கு. பழக்கதோஷத்தில் 4ஆவது வரிசை எடுத்திருந்தேன். விசிறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, காது அதிர, கடைசி ஆளாக இறங்கினேன். அம்மா 19ஆவது வரிசையில் நிம்மதியாகத் தூங்கி, முதல் ஆளாக இறங்கி, வெளியே எனக்காகக் காத்திருந்தார். நீலப் பை மடியில்.