வேகமா, எட்டமா: ராமநாதபுரம் கரையில் 4ஜியும் 5ஜியும்

எங்கள் பக்கம் போன் கடைக்குப் போகிற எல்லாரும் இப்போது முதலில் கேட்பது, "5ஜி போனா?" என்பதுதான். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் எங்கும் இதே பேச்சு. கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் அந்தப் போனை வைத்து நாம் என்ன வேலை செய்கிறோம், எங்கே நின்று செய்கிறோம் என்பதைப் பார்க்காமல் கூடுதல் காசைக் கொடுக்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை.

முதலில் வேலையைப் பார்ப்போம். மீன் விலை கேட்டு வாட்ஸ்அப்பில் பேச நொடிக்கு 100 கிலோபிட் இருந்தாலே தாராளம். யுபிஐ-யில் பணம் அனுப்ப அதைவிடக் குறைந்த டேட்டாவே போதும். நெட்பிளிக்ஸில் முழு எச்டி படம் பார்க்க 5 மெகாபிட், 4கே பார்க்க 15 மெகாபிட் வேண்டும் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. கையகலத் திரையில் 4கே பார்த்துக் கண்டுபிடிக்கப்போவது ஒன்றுமில்லை. கூட்டமில்லாத நேரத்தில், டவர் பக்கத்தில் இருந்தால், 4ஜியே இதையெல்லாம் சமாளிக்கும்.

கடலுக்குள் போனால் கணக்கே வேறு. அங்கே வேகத்தைவிட எட்டம்தான் பெரிது.

அலைவரிசை குறைவாக இருந்தால் சிக்னல் தூரம் போகும். கூடினால் நிறைய டேட்டாவைச் சுமக்கும், ஆனால் சீக்கிரம் தேய்ந்துவிடும். 4ஜியில் 850, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் உண்டு. 5ஜியின் பெரிய வேகம் வருவதோ 3,300 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே. ஜியோ 700 மெகாஹெர்ட்ஸிலும் 5ஜி தருகிறது. அது தூரம் போகும், ஆனால் விளம்பரத்தில் பார்க்கிற வேகம் அதில் வராது.

கடலில் மலையோ கட்டடமோ மறைக்காதே என்று கேட்கலாம். பூமியின் வளைவு மறைக்கும். கரையில் 40 மீட்டர் டவர், வள்ளத்தில் நிற்கிறவர் கையில் போன் என்றால், அலை நேராகப் போய்ச் சேர்கிற தூரம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். அதுகூடக் கணக்கில் வருகிற உச்சம். உண்மையில் அதற்கு வெகு முன்னாலேயே அறுந்துவிடும். காரணம் நம் போன். டவர் பெரிய சக்தியோடு பேசுகிறது. போன் பொதுவாகக் கால் வாட்டுக்கும் குறைவாகத்தான் பேசும். டவர் பேசுவது போனுக்குக் கேட்கும், போன் பேசுவது டவருக்குக் கேட்காது. "மாப்பிள, ரெண்டு புள்ளி காட்டுது, ஒண்ணும் போக மாட்டேங்குது" என்று என் மச்சான் சொல்வது இதைத்தான். படகில் உயரமான இடத்தில் ஏறி நின்று பேசினால் கொஞ்சம் கிடைப்பதற்குக் காரணம், பூமியின் வளைவு மறைப்பது உயரத்தில் குறைவதுதான். இதற்கு எத்தனை ஜி வாங்கினாலும் மருந்தில்லை.

5ஜி போனில் இன்னொரு தொல்லை. சிக்னல் ஓரத்தில் அது 5ஜிக்கும் 4ஜிக்கும் மாறி மாறித் தாவி பேட்டரியைத் தின்னும். கடலுக்குப் போகும்போது அமைப்புகளில் 4ஜி மட்டும் என்று வைத்துவிடுங்கள். ஜிபிஎஸ்ஸுக்கு இணையமே வேண்டாம், வரைபடத்தை மட்டும் கரையிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் போதும். மத்திய அரசின் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் தருகிற அலை, காற்று, மீன்வள அறிவிப்புகளும் சின்னத் தகவல்கள்தான். படகு கிளம்புமுன் பார்த்துவிடலாம். ஆழத்துக்குப் போகிறவர்களுக்கு விஎச்எஃப் என்கிற கடல் ரேடியோ கருவியும், ஆபத்தில் கூப்பிடுவதற்கான அதன் 16-வது சேனலும்தான் துணை, போன் இல்லை.

சரி, 5ஜி யாருக்குத்தான் வேண்டும்? ஆடி அமாவாசைக்கு அக்னி தீர்த்தத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். முழுப் புள்ளி இருக்கும், ஒரு போட்டோ போகாது. சிக்னல் நன்றாகத்தான் இருக்கிறது, பாதைதான் நிரம்பி வழிகிறது. 4ஜியில் ஓர் அலைப்பாதையின் அகலம் அதிகபட்சம் 20 மெகாஹெர்ட்ஸ். 5ஜியின் இடைநிலை அலைவரிசையில், அதாவது மேலே சொன்ன 3,300 பக்கத்தில், 100 வரை விரிக்கலாம். ராமேசுவரத்தில் கடை வைத்திருப்பவருக்கு, கூட்ட நாளில் யுபிஐ ஓட, அந்த அகலம் உண்மையிலேயே உதவும்.

மீன்பிடி வீடியோ போடுகிற பிள்ளைகளுக்கும் அப்படியே. 1 ஜிபி வீடியோவை 5 மெகாபிட்டில் ஏற்ற அரை மணி நேரத்துக்குப் பக்கம் ஆகும்; 50 மெகாபிட் கிடைத்தால் மூன்று நிமிடம். கீழக்கரையில் வளைகுடாவிலிருக்கும் மகனோடு தினமும் வீடியோவில் பேசுகிற அம்மாவுக்கு 4ஜி போதும். வீட்டில் நாலு பேர் ஒரே இணைப்பில் என்றால் 5ஜி பார்க்கலாம்.

காசு விஷயம் சின்னதுதான், ஆனால் கவனிக்க வேண்டும். 2024 ஜூலை விலையேற்றத்தில் ஜியோவின் 28 நாள் பிளான், தினம் 1.5 ஜிபி என்றால் 299 ரூபாய் ஆனது. தினம் 2 ஜிபியோடு அளவில்லா 5ஜி என்றால் 349 ஆனது. 5ஜி டவர் எட்டாத குப்பத்தில் அந்த 50 ரூபாய் கொடுத்து வாங்குவது, தினம் கூடுதல் அரை ஜிபி மட்டும்தான்.

எங்கள் வீட்டில் என் போன் 5ஜி, மச்சான் போன் 4ஜி. 5ஜி போனுக்கு எடுத்து வைத்த மிச்சக் காசில் அவருக்கு வேறு கம்பெனியின் இரண்டாவது சிம் போட்டோம். ஒன்று அறுந்த பிறகும் மற்றொன்று கொஞ்ச தூரம் பிடிக்கிறது. எந்த இடத்தில் எது அறுகிறது என்று ஜிபிஎஸ்ஸில் குறித்து வைத்திருக்கிறார். அந்த இடம் வருமுன் அக்காவுக்கு ஒரு போன் வந்துவிடும்.