சிறுமொழி ஒன்றுக்காக பிஓ கோப்புகளோடு ஆறு வருடம்

பேசுகிறவர்கள் சில ஆயிரம் பேரே உள்ள ஒரு மொழி, என் அம்மாவுடையது. கட்டற்ற மென்பொருள்களை ஆறு வருடமாக அதில் மொழிபெயர்க்கிறேன். எல்லாம் க்னூ கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்புக் கருவித்தொகுப்பின் பிஓ கோப்புகளில்தான்; மென்பொருளின் ஒவ்வொரு ஆங்கில வாக்கியமும் அதன்கீழே நம் மொழிபெயர்ப்புமாக இருக்கும் கோப்பு அது.

பிஓ வெறும் உரைக்கோப்பு. இணையம் இல்லாமலும் எந்த எடிட்டரிலும் திறக்கும். அச்செடுத்துக் கொடுத்து, கணினியைத் தொடாத பெரியவர்களிடமும் திருத்தம் வாங்கியிருக்கிறேன்.

பன்மையை அது கையாளும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஜப்பானியத்துக்கு ஒரு வடிவம் போதும், ஆங்கிலத்துக்கு இரண்டு, ஸ்லோவேனியத்துக்கு நான்கு, அரபிக்கு ஆறு. எங்களுக்கு ஒருமை, இருமை, பன்மை என மூன்று. கோப்பின் தலைப்பகுதியில் ஒரே வரியில் விதியை எழுதினேன். ‘இரண்டு கோப்புகள்’ திரையில் இருமையில் வந்தபோது அம்மா அதை வாய்விட்டு இரண்டு முறை படித்தார்.

வேற்றுமை உருபுதான் இன்றுவரை தொல்லை. பெயரின் கடைசி எழுத்தைப் பார்த்து உருபு மாறும். தானாக வந்து விழும் கோப்புப் பெயரோடு அதை ஒட்ட முடியாது. அதனால் ‘இந்தக் கோப்பை நீக்கவா?’ என்று கேட்டுவிட்டு, பெயரைக் கடைசியில் தனியே நிறுத்துகிறேன்.

மூல வாக்கியம் சற்று மாறினாலும் பழைய மொழிபெயர்ப்புக்கு, மறுபடி சரிபார்க்க வேண்டும் என்று சொல்லும் ‘ஃபஸ்ஸி’ குறி விழும். கோப்பைக் கம்பைல் செய்யும்போது, அதாவது மென்பொருள் படிக்கும் வடிவுக்கு மாற்றும்போது, அந்த வரி சேராது, பயனருக்கு ஆங்கிலமே தெரியும். உடம்பு சரியில்லாமல் எட்டு மாதம் விட்டுவிட்டுத் திரும்பினால் பாதித் திரை ஆங்கிலம். வருத்தமாக இருந்தது. ஆனாலும் தவறான வாக்கியம் நிற்பதைவிட இதுவே மேல்.

இயந்திர மொழிபெயர்ப்புப் பரிந்துரையை அணைத்துவிட்டேன். பக்கத்துப் பெரிய மொழியின் சொற்களையே அது திரும்பத் திரும்பத் தந்தது.

நான் செய்த பெரிய தவறு ‘சேமி’ என்பதற்கு இரண்டு மென்பொருள்களில் இரண்டு சொல் போட்டது. எங்களுக்கு அகராதியோ நாளிதழோ கிடையாது. நான் தட்டச்சிடுவதைத்தான் பலர் அந்தச் சொல்லின் எழுத்து வடிவமாக முதலில் பார்க்கிறார்கள். இரண்டும் பரவிய பிறகுதான் எனக்கு இது உறைத்தது.

அதன்பின் ஒவ்வொரு புதுச் சொல்லுக்கும் மேலே குறிப்பு வரி எழுதுகிறேன்: யார் சொன்ன சொல், வேறெதை ஏன் விட்டேன் என்று. மூலம் புதுப்பிக்கப்பட்டாலும் அந்த வரிகள் அழிவதில்லை. போன வருடம் சேர்ந்த ஒரு தம்பி அவற்றை முழுக்கப் படித்துவிட்டு, “அக்கா, ‘கடவுச்சொல்’லுக்கு நீங்க வேண்டாம்னு விட்டதைத்தான் எங்க பக்கம் சொல்றோம்” என்றான். பெரியவர்களிடம் கேட்டோம். மாற்றிவிட்டேன்; பழைய காரணத்தை அழிக்காமல் அதன்கீழே அவன் சொன்னதையும் எழுதியிருக்கிறேன்.