பின் சக்கர அலைன்மென்ட்: தாளில் பச்சை, அடியில் துரு

பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5, அதாவது 1989இல் அறிமுகமான முதல் தலைமுறை வண்டி வைத்திருப்பவர்கள், நான்கு சக்கர அலைன்மென்ட்டுக்கு, அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணத்தை அளந்து சரிசெய்ய, வண்டியை விடும் முன் இதைப் படித்துவிடுங்கள். என்னிடம் நான்கு சக்கரத்துக்கும் பணம் வாங்கிக்கொண்டு முன்னால் மட்டும் வேலை செய்து அனுப்பினார்கள். கையில் கொடுத்த தாளில் மட்டும் எல்லா எண்களும் பச்சை, அதாவது அளவு சரி.

வளைவில் ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்பக்கம் வெளியே நழுவப் பார்த்தது. வலது பின் டயரின் உள்விளிம்பு மொட்டையாகத் தேய்ந்திருந்தது. சக்கரத்தின் முன்முனை வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறது, அதாவது டோ-அவுட் என்பதற்கு இவை அடையாளம். பின் சக்கரத்தில் இயங்கும் எடை குறைந்த வண்டிக்கு இது டயர் செலவோடு முடிகிற விஷயம் இல்லை. ஈரச் சாலையில் வண்டியையே சுழற்றிவிடும். அதனால்தான் கம்ப்யூட்டர் அலைன்மென்ட் செய்யும் கடையில் விட்டேன்.

வாங்கி ஓட்டினால் அதே நழுவல். நேர்ச்சாலையில் ஸ்டீயரிங்கும் ஒரு பக்கம் சாய்ந்தே நின்றது. பின் சக்கரங்கள் வண்டியைக் கோணலாகத் தள்ளும்போது, அதை ஈடுகட்ட முன் சக்கரங்களைத் திருப்பிப் பிடித்தபடியே ஓட்ட வேண்டியிருக்கும். பின்பக்கம் சரியாகாமல் முன்பக்கத்தை மட்டும் சரிசெய்து பயனில்லை.

வீட்டில் வண்டியைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்திக் கீழே பார்த்தேன். இந்த வண்டியில் ஒவ்வொரு பின் சக்கரத்துக்கும் அதை வண்டியோடு இணைக்கும் கீழ் ஆர்மின் உள்முனையில் இரண்டு கேம் போல்ட்டுகள் உண்டு. மையம் விலகிய வட்டத் தகடும் அதில் அளவுக் கோடுகளும் இருக்கும். போல்ட்டைத் திருப்பினால் ஆர்ம் உள்ளே வெளியே நகரும். டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் திரும்பியிருக்கும் அளவு) கேம்பரும் (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் அளவு) மாறும். நான்கு போல்ட்டிலும் தகட்டுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே மண் இறுகி, அதன் மேல் துரு படிந்து, ஒரு விரிசல்கூட விடாமல் அப்படியே இருந்தது. ஸ்பேனர் பட்ட நட்டின் முனையில் பளபளவென்று கீறல் விழும். அதுவும் இல்லை. புதுக் கீறல் இருந்தது முன்னால், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் லாக் நட்டில் மட்டும்.

சரி, கண்ணை மட்டும் நம்ப வேண்டாம் என்று நூல் கட்டி அளந்தேன். வண்டியின் இரு பக்கமும் சக்கர மையத்தின் உயரத்தில் நூல். முன் சக்கரங்களுக்கு இடையிலான அகலமும் பின் சக்கரங்களுக்கு இடையிலான அகலமும் ஒன்றல்ல என்பதால் ரிம்மிலிருந்து ஒரே தூரம் வைக்கக் கூடாது. இரண்டு நூலும் ஒன்றுக்கொன்று இணையாகவும் வண்டியின் நடுக்கோட்டுக்கு இணையாகவும் இருக்க வேண்டும். பிறகு ரிம்மின் முன்விளிம்பிலிருந்தும் பின்விளிம்பிலிருந்தும் நூலுக்கு உள்ள தூரத்தை இரும்பு ஸ்கேலால் எடுக்க வேண்டும். விளிம்புக்கு விளிம்பு 380 மில்லிமீட்டர் என்றால், 1 மில்லிமீட்டர் வித்தியாசம் சுமார் 0.15 டிகிரி. வலது பின் சக்கரம் தெளிவாக டோ-அவுட். தாளில் அதே சக்கரம் டோ-இன், அதாவது முன்முனை உட்பக்கம்!

இது எப்படி நடக்கும்? அளக்கும் கருவிக்காகச் சக்கரத்தில் மாட்டும் கிளாம்பைக் கொஞ்சம் சாய்த்து மாட்டினாலே திரையில் எண் மாறிவிடும். ரிம்மோ கிளாம்போ கோணலாக இருப்பதை ஈடுகட்ட, சக்கரத்தை உருட்டிச் செய்யும் ரன்-அவுட் திருத்தத்தைத் தவிர்த்தாலும் தப்பான எண்தான் வரும். என் வண்டிக்கு என்ன செய்தார்களோ, அந்த எண் வண்டியில் இல்லை.

படங்களோடு போய்க் கேட்டேன். "பழைய வண்டி சார், இதுக்கு மேல வராது" என்றார் கடைக்காரர். பணம் திரும்பவில்லை. போல்ட், ஆர்மின் முனையில் இருக்கும் ரப்பர் புஷ்ஷின் உள்குழாயோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்வது இந்த வண்டிகளில் சகஜம், கழற்ற மணிக்கணக்காகும். அதைச் சொல்லி, "எங்களால் முடியாது" என்று வண்டியைத் திருப்பித் தந்திருந்தால் எனக்குக் கோபமே வந்திருக்காது. முடித்துவிட்டோம் என்று பொய்த்தாள் கொடுத்து, நழுவுகிற வண்டியில் ஒரு மனிதரை அனுப்பியதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

அப்புறம் நானே செய்தேன். துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஊறவைத்தும் ஒரு போல்ட் அசையவே இல்லை. அறுத்து எடுத்துப் புதிது போட்டேன். மறுபடி துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஆன்ட்டி-சீஸ் கிரீஸ் தடவினேன். இரண்டு கேமையும் சேர்த்து நகர்த்தினால் பெரும்பாலும் கேம்பர் மாறும். ஒன்றை மட்டும் நகர்த்தினால் டோவோடு கேம்பரும் கொஞ்சம் மாறும். அதனால் பொறுமை வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு வண்டியை முன்னும் பின்னும் உருட்டி சஸ்பென்ஷன் அமர்ந்த பிறகே அளக்க வேண்டும். கடைசி முறுக்கு, சக்கரம் தரையில் வண்டியின் எடையைத் தாங்கி நிற்கும்போதுதான். தொங்கும்போது முறுக்கினால் புஷ்ஷின் ரப்பர் முறுகிச் சீக்கிரம் கிழியும்.

கடையில்தான் விடப் போகிறீர்கள் என்றால், போகும் முன் கேம் தகட்டிலிருந்து பிராக்கெட் வரை ஒரு பெயின்ட் கோடு போட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின் போல்ட்டுகள் திரும்புகின்றனவா என்று முதலில் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் வண்டி மேலே இருக்கும்போதே அந்தக் கோட்டைப் பாருங்கள். பின் அளவு மாறியதாகத் தாளில் இருந்து, கோடு ஒரு மயிரிழைகூட விலகவில்லை என்றால் பணம் கொடுக்காதீர்கள்.