சாட்டிலைட் போனா, விசாட்டா?

வைகையில் வெள்ளம் வந்து செல்போன் டவர் படுத்துவிட்டால் எதை நம்புவது? செயற்கைக்கோளோடு நேரடியாகப் பேசும் சாட்டிலைட் போனையா, சின்ன டிஷ் வைத்துச் செயற்கைக்கோள் வழியே இணையம் தரும் விசாட்டையா?

தூக்கிப்போக: போன் பையில் அடங்கும். சதுரகிரி ஏறும் மீட்புக் குழுவுக்கு அதுதான் சரி. விசாட்டுக்கு வண்டி, ஜெனரேட்டர், டிஷ்ஷைத் திருப்பி வைக்கத் தெரிந்த ஆள் எல்லாம் வேண்டும்.

மழை: போன் ஓடும் எல்-பேண்ட் என்ற தாழ்ந்த அலைவரிசை மழைக்கு அவ்வளவாக அசையாது. ஆனால் தலைக்கு மேல் வானம் தெரிய வேண்டும். மரத்தடியிலும் கட்டடத்துக்குள்ளும் தகராறுதான். அதைவிட உயர்ந்த கேயு-பேண்ட் அலைவரிசையில் ஓடும் விசாட் கொட்டும் மழையில் திணறும். வெள்ளத்துக்கென்று வாங்கிய சாதனம் மழைக்குப் பயந்தால் எப்படி?

வேலை: போனில் பேச்சும் குறுஞ்செய்தியும். விசாட்டில் வீடியோ, வரைபடம், முகாம் முழுக்க இணையம்.

அப்புறம், போனுக்குத் தொலைத்தொடர்புத் துறை அனுமதியை முன்பே வாங்கிவிடுங்கள்.

மலைக்குப் போன், கலெக்டர் ஆபீஸ் கட்டுப்பாட்டு அறைக்கு விசாட். ஒன்றுக்குத்தான் பணம் என்றால் நான் போனைத்தான் எடுப்பேன்.