ஃபேர்ஃபேக்ஸா, மாண்ட்கோமரியா?

வாஷிங்டனில் வேலை கிடைத்து வரும் குடும்பங்கள் பொடோமாக் ஆற்றின் எந்தக் கரையில் வீடு பார்ப்பது என்று திணறுவது பெரும்பாலும் பள்ளிக்காகத்தான். ஒரு பக்கம் வர்ஜீனியாவின் ஃபேர்ஃபேக்ஸ் கவுன்டி (மாநிலத்துக்குள் ஒரு நிர்வாகப் பகுதி), சுமார் 1,80,000 மாணவர்கள். மறுகரையில் மேரிலாந்தின் மாண்ட்கோமரி, சுமார் 1,60,000. இரண்டுமே அந்தந்த மாநிலத்தின் மிகப் பெரிய பள்ளி மாவட்டங்கள். சராசரி மதிப்பெண்ணை வைத்து இவற்றை எடைபோட முடியாது. உண்மையான வித்தியாசம், திறன்மிகு மாணவர்களுக்கான சிறப்பு வகுப்புகளில் யாருக்கு இடம் என்று தீர்மானிக்கும் முறையில் இருக்கிறது.

ஃபேர்ஃபேக்ஸில் 2ஆம் வகுப்பில் எல்லாக் குழந்தைகளுக்கும் திறனறி தேர்வு உண்டு. அந்தந்தப் பள்ளியின் அளவில் மேலே வருபவர்களின் கோப்பு தானாகவே தேர்வுக் குழுவுக்குப் போகும். பட்டியலில் வராத குழந்தையைப் பெற்றோரே பரிந்துரைக்கலாம். மறுத்தால் மேல்முறையீடும் உண்டு. ஆனால் அதில் புதிய தகவல் ஏதாவது இருக்க வேண்டும். தேர்வானால் 3ஆம் வகுப்பிலிருந்து முழுநேர மேம்பட்ட பாடம். பரிந்துரைக்கான கடைசி நாளைத் தவறவிடுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் பிழை.

மாண்ட்கோமரியில் 3ஆம் வகுப்பு மாணவர்கள் எல்லோரையும் மாவட்டமே பரிசீலிக்கிறது; விண்ணப்பம் தேவையில்லை. ஆனால் தகுதி பெற்றவர்களுக்குள் குலுக்கல். 4, 5 வகுப்புகளுக்கான செறிவூட்டல் மையங்களுக்கும், டக்கோமா பார்க், ஈஸ்டர்ன் நடுநிலைப் பள்ளிகளின் மேக்னட் வகுப்புகளுக்கும் (பல பகுதி மாணவர்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் சிறப்புத் திட்டம்) இதே வழிதான். பெற்றோர் எவ்வளவு முயன்றாலும் பலன் குறைவு. 2ஆம் வகுப்புக் குழந்தையோடு வருபவர்களுக்கு எங்கள் பரிந்துரை ஃபேர்ஃபேக்ஸ்.

உயர்நிலைப் பள்ளியில் கதை மாறுகிறது. ஃபேர்ஃபேக்ஸின் தாமஸ் ஜெஃபர்சன் அறிவியல் பள்ளியில் ஆண்டுக்குச் சுமார் 550 இடங்கள். 2020இல் நுழைவுத்தேர்வு நீக்கப்பட்டது. அதை எதிர்த்த வழக்கை உச்ச நீதிமன்றம் 2024இல் ஏற்க மறுத்தது. இப்போது ஒவ்வொரு நடுநிலைப் பள்ளியின் 8ஆம் வகுப்பிலும் 1.5 சதவீதத்தினருக்கு இடம் ஒதுக்கப்படுகிறது. குறைந்தது 3.5 சராசரி மதிப்பெண் புள்ளியும் (GPA), 8ஆம் வகுப்பில் குறைந்தது அல்ஜீப்ரா 1ம் கட்டாயம். 7ஆம் வகுப்பில் சேரும்போதே கணக்குப் பாடத்தின் நிலையைச் சரியாகக் கேட்டு வாங்காவிட்டால் பிள்ளைக்கு விண்ணப்பிக்கும் தகுதியே இருக்காது. போட்டி அதிகமான நடுநிலைப் பள்ளியில் சேர்ப்பது ஒதுக்கீட்டில் எதிராகத் திரும்பலாம் என்பதையும் யோசிக்க வேண்டும்.

மாண்ட்கோமரியின் பிளேர் பள்ளி மேக்னட்டில் 9ஆம் வகுப்புக்குச் சுமார் 100 இடங்கள். கவுன்டியின் தென்பகுதிக்கு பிளேர், வடபகுதிக்கு பூல்ஸ்வில் என்பது பழைய ஏற்பாடு. கவுன்டியை ஆறு வட்டாரமாகப் பிரிக்கும் திட்டம் 2025இல் முன்வைக்கப்பட்டது. ஆகவே வீட்டுக்கு முன்பணம் கட்டுமுன், அந்த முகவரிக்கு எந்தத் திட்டம் பொருந்தும் என்று மாவட்ட அலுவலகத்திலேயே கேட்டுவிடுங்கள்.

மழலையர் வகுப்பில் சேர வர்ஜீனியாவில் செப்டம்பர் 30க்குள் 5 வயது முடிய வேண்டும். மேரிலாந்தில் செப்டம்பர் 1க்குள். செப்டம்பர் 15இல் பிறந்த குழந்தைக்கு இது ஒரு முழு ஆண்டு! மேரிலாந்தில் உயர்நிலைப் பட்டம் பெற 75 மணி நேரச் சமூகசேவையும் வேண்டும். இடையில் சேருபவர்களுக்கு மணி நேரம் குறையும்.

வரிக் கணக்கும் வேறு. மாண்ட்கோமரி கவுன்டி 3.2 சதவீத வருமான வரி வாங்குகிறது. ஃபேர்ஃபேக்ஸில் அது கிடையாது. ஆனால் அங்கே காருக்கு ஆண்டுதோறும் சொத்து வரி உண்டு.

அஞ்சல் முகவரியை நம்பி ஏமாறுபவர்கள் நிறைய. ஃபால்ஸ் சர்ச் என்று முகவரி இருக்கும் பெரும்பாலான வீடுகள் ஃபேர்ஃபேக்ஸ் பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்தவை. ஆனால் ஃபால்ஸ் சர்ச் நகரத்துக்குத் தனிப் பள்ளி மாவட்டம் உண்டு. வீட்டு விற்பனைத் தளங்கள் காட்டும் பள்ளிப் பெயரை விட்டுவிட்டு, மாவட்டத்தின் எல்லை தேடல் பக்கத்தில் கதவு எண்ணோடு தட்டிப் பாருங்கள்.