காக்பிட்டின் மூன்றாவது இருக்கை: ஜம்ப் சீட்டில் அமர்ந்து பார்த்த மதிப்பீடு

விமானி அறையில், கேப்டனுக்கும் துணை விமானியான ஃபர்ஸ்ட் ஆஃபீசருக்கும் பின்னால், கதவை ஒட்டி மடக்கி விரிக்கும் இருக்கை ஒன்று உண்டு; அதைத்தான் ஜம்ப் சீட் என்கிறோம். பயணிகள் விமானத்தின் காக்பிட்டில் புதிய விமானி முதலில் உட்காருவது பெரும்பாலும் இதில்தான். பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வாளையார்ப் பக்கங்களிலிருந்து விமானப் பயிற்சி முடித்து வரும் நம் பிள்ளைகள், அது எப்படியிருக்கும் என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகவே இந்த மதிப்பீடு.

உடம்பை மிகவும் வருத்துவது போயிங் 737-இன் இருக்கை. 1950களில் உருவான 707-இன் உடற்பகுதி அகலத்தையே, அதாவது 3.76 மீட்டரையே, 737 இன்றும் கொண்டிருக்கிறது. ஏர்பஸ் ஏ320-க்கு அது 3.95 மீட்டர். வித்தியாசம் ஒரு சாண் கூட இல்லைதான், ஆனால் மூக்கை நோக்கிக் குறுகிக்கொண்டே போகும் இடத்தில் அந்த ஒரு சாணின் அருமை தெரியும். தோள்களுக்கு இரு புறமும் மின்சுற்றைத் துண்டிக்கும் சர்க்யூட் பிரேக்கர் வரிசைகள் நிற்கின்றன, முழங்கால்களுக்கு நேர் எதிரே நடுக் கன்சோல் முடிகிறது, முதுகுக்குப் பின்னால் கதவு. முன்னால் இருப்பவர் கழிவறைக்குப் போக வேண்டுமென்றால், பட்டைகளைக் கழற்றி, எழுந்து, இருக்கையைச் சுவரோடு மடக்கி வழிவிட வேண்டும். மெத்தையின் முன் விளிம்பில் உள்ள சட்டம் தொடையின் அடிப்பக்கத்தில் பதிந்துகொண்டே இருப்பதால், கொச்சியிலிருந்து துபாய்க்குப் போகும் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் பாதி கழியும் முன்பே கால் மரத்துவிடுகிறது. பாலக்காட்டிலிருந்து கோவை வரை பேருந்தில் டிரைவருக்குப் பக்கத்து இன்ஜின் பெட்டிமேல் உட்கார்ந்து வந்தவர்களுக்கு இந்த வேதனை புதிதாக இராது.

இதைச் சொகுசுக் குறையாக மட்டும் எண்ணி ஒதுக்கிவிட முடியாது. புதியவர் ஒருவர் ஃபர்ஸ்ட் ஆஃபீசரின் வலப்புற இருக்கையில் பழகும் தொடக்கப் பயணங்களில் சேஃப்டி பைலட் ஒருவர் ஜம்ப் சீட்டில் இருக்கிறார். பயிற்சி தரும் கேப்டன் நடுவழியில் மயங்கிவிட்டால் உடனே முன்வந்து விமானத்தைப் பாதுகாப்பாக இறக்க உதவ வேண்டியவர் அவர்தான். மரத்துப்போன காலோடு அவர் எழுந்து வந்து விமானத்தின் வால் சுக்கானை இயக்கும் ரடர் பெடலை எப்படி மிதிப்பார்? இருக்கை வடிவமைப்பாளர்கள் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுவே என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அவர்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. நடைவழியை அடைக்காமல் மடங்க வேண்டும், எடை குறைவாக இருக்க வேண்டும், அதே சமயம் விபத்தில் முன்னோக்கித் தள்ளும் 9 ஜி விசையையும், அதாவது எடையைப்போல் ஒன்பது மடங்கு விசையையும், தாங்க வேண்டும். இத்தனையும் சேரும்போது மெத்தை மெலிந்துவிடுகிறது.

ஏ320-இல் நிலைமை கணிசமாக மேல். ஓரத்தில் ஒதுங்கியிருக்கும் இருக்கையை நடுவுக்கு இழுத்து அமர்ந்தால், இரு விமானிகளின் தோளுக்கு இடையே கருவிப் பலகையின் திரைகள் அனைத்தும் தெளிவாகத் தெரிகின்றன. கற்க வந்தவருக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேலைக்காற்றில் கோவையில் இறங்கும்போது விமானம் பக்கவாட்டில் ஆடும். அப்போது தோள் பட்டைகளை இறுக்கியிருந்தால் உடம்பு அசையாமல் நிற்கிறது. தலைக்கு நல்ல தாங்கல் இல்லாதது மட்டும் பெருங்குறை.

சிறிய புரொப்பெல்லர் விமானமான ஏடிஆர் 72-இன் இருக்கையும் குறுகலானதே. புரொப்பெல்லர் இரைச்சல் வேறு. ஆயினும் அதன் பயணங்கள் குறுகியவை என்பதால் பொறுத்துக்கொள்ளலாம். 777, 787 போன்ற பெரிய விமானங்களில் முழங்காலை நீட்ட இடமிருக்கிறது. அதிலும் 787-இல் உள்ளே காற்றழுத்தம் 6,000 அடி உயரத்தில் இருக்கும் அழுத்தத்துக்கு ஈடாக வைக்கப்படுவதால், மற்றவற்றின் 8,000 அடியோடு ஒப்பிடும்போது இறங்கும் வேளையில் களைப்பு குறைவு.

புதியவர்கள் சிலர் வீட்டிலிருந்து தடித்த இலவம்பஞ்சுத் திண்டு கொண்டுவரலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். அதிர்ச்சியில் திண்டு அமுங்கினால் பட்டை தளர்ந்துவிடும். இடுப்பின் வளைவுக்கு ஒரு சிறு துண்டைச் சுருட்டி வைத்துக்கொள்ளுங்கள். உயரப் பறக்கும் வேளையில், கேப்டனிடம் கேட்டு, அவ்வப்போது எழுந்து நில்லுங்கள். தரையிறங்கத் தயாராகும் முன் துண்டை எடுத்துவிட்டு, பட்டைகளை மறுபடியும் இழுத்துப் பாருங்கள்.