வெளிநாட்டு வாழ்க்கையை உரைக்கோப்புகளில் எழுதிவைப்பது: ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

சொந்த நாட்டுக்கு வெளியே வாழ்ந்தும் பயணம் செய்தும் வரும் இத்தனை ஆண்டுகளில், என் நாட்குறிப்பைத் தனிச் செயலி எதிலும் எழுதாமல், நாளுக்கு ஒன்றாக எளிய உரைக்கோப்புகளிலேயே (வடிவமைப்பு ஏதுமற்ற, எழுத்து மட்டுமே கொண்ட கோப்புகள்) எழுதிவருகிறேன். இதற்கிடையே கைப்பேசியும் மடிக்கணினியும் பலமுறை மாறின, இயங்குதளமும் மாறியது. ஆனால் முதல் நாள் எழுதிய கோப்பு இன்றும் தடையின்றித் திறக்கிறது. நாடு மாறும்போதெல்லாம் முகவரி, தொலைபேசி எண், வங்கிக் கணக்கு எல்லாம் கூடவே மாறிவிடும் ஒருவருக்கு, மாறாத ஒன்று கையில் இருப்பதன் அருமை விரைவிலேயே புரிந்துவிடும்.

அமைப்பு மிக எளியது. கோப்பின் பெயர் 2024-03-07 என்பதுபோல ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் இருக்கும். தேதிகளை எழுதும் முறைக்காக 1988-இல் வெளியான ஐஎஸ்ஓ 8601 என்ற பன்னாட்டுத் தரம் வகுத்த வடிவம் இது. பெயர்வரிசையில் அடுக்கினாலே கோப்புகள் காலவரிசையில் நின்றுவிடுகின்றன. 03/07 என்று எழுதினால் அமெரிக்காவில் மார்ச் 7 என்றும் பிரிட்டனில் ஜூலை 3 என்றும் படிக்கப்படும் குழப்பமும் எழுவதில்லை. முதல் வரியில் அன்றிரவு தங்கிய ஊர், அங்குள்ள நேரம் உலகப் பொது நேரத்திலிருந்து (யூடிசி) எவ்வளவு விலகியிருக்கிறது என்ற குறிப்பு, எல்லையைக் கடந்திருந்தால் எந்த விமான நிலையம் அல்லது சோதனைச்சாவடி வழியாக என்பது ஆகிய மூன்றும் இருக்கும். அதற்குக் கீழே மனம்போல எழுதுவேன்.

நேர விலகலை எழுதிவைப்பது தேவையற்ற நுணுக்கமாகச் சிலருக்குத் தோன்றலாம். என் அனுபவத்தில் மிகுதியாகப் பயன்பட்ட குறிப்பு அதுதான். ஒளிப்படத்துக்குள் எடுத்த நேரத்தைப் பதிந்துவைக்கும் எக்ஸிஃப் தரம் 1995-இலேயே வந்துவிட்டாலும், அது எந்த நேர வலயத்தின் நேரம் என்பதைக் குறிக்கும் புலம் 2016-இல் வந்த 2.31 பதிப்பில்தான் சேர்ந்தது. அதனால் பழைய கேமராப் படங்களில் நண்பகல் வெளிச்சம் தெரியும்போதே நேரம் நள்ளிரவு என்று நிற்பதைக் காணலாம். அன்றைய கோப்பின் முதல் வரியைப் பார்த்தால் கணக்கு நேராகிவிடும். நேபாளத்தின் நேரம் உலகப் பொது நேரத்தைவிட 5 மணி 45 நிமிடம் முன்னே இருப்பது போன்ற கால்மணிக் கணக்குகளை நினைவில் வைத்துக்கொள்வது எளிதன்று. மாலையில் டோக்கியோவிலிருந்து புறப்படும் விமானம் அதே தேதியின் காலையில் ஹொனலுலுவில் தரையிறங்கும்போது ஒரே தேதிக்கு இரண்டு காலைகள் வாய்க்கின்றன. 2011 டிசம்பர் 30-ஆம் தேதியோ சமோவாவில் வரவே இல்லை, ஏனெனில் அந்நாடு தேதிக்கோட்டின் மறுபக்கத்துக்கு மாறிக்கொண்டது. இடத்தையும் நேர விலகலையும் சேர்த்து எழுதிய குறிப்பில் மட்டுமே இத்தகைய நாள்கள் பின்னாளில் பொருள்படும்.

அடுத்ததாக, அரசு அலுவலகங்கள் கேட்கும் கணக்கு. ஷெங்கன் பகுதியில் (தமக்கிடையே எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகள்) குறுகிய காலம் தங்கும் வெளிநாட்டவர் எந்த 180 நாள்களை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் 90 நாள்களுக்கு மேல் இருக்கக்கூடாது. நுழைந்த நாளும் வெளியேறிய நாளும் தங்கிய நாள்களாகவே எண்ணப்படும். கனடாவில் குடியுரிமைக்கு விண்ணப்பிப்பவர் முந்தைய 5 ஆண்டுகளில் 1,095 நாள்கள் அந்நாட்டில் இருந்ததைக் காட்ட வேண்டும். வெளியே சென்ற பயணங்களையும் தேதியோடு குறிப்பிட வேண்டும். முன்பெல்லாம் கடவுச்சீட்டு முத்திரைகளைப் புரட்டி இதைத் தேற்றிவிடலாம். இப்போது முத்திரைகளே அருகிவருகின்றன: ஹாங்காங் 2013 முதல் வருகையாளர்களுக்கு முத்திரைக்குப் பதிலாகத் துண்டுச்சீட்டைத் தரத் தொடங்கியது; ஷெங்கன் நாடுகள் 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக முகப்படமும் கைரேகையும் கொண்ட மின்னணுப் பதிவுக்கு மாறத் தொடங்கின. அரசின் கணினியில் பதிவு இருந்தாலும், விண்ணப்பப் படிவத்தை நிரப்பும் இரவில் நம் கையில் இருக்க வேண்டியது நம்முடைய பதிவு. ஒரு சொல்லைத் தேடினால் ஒரு நாட்டில் நான் இருந்த நாள்கள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கின்றன. ரசீதுகளையும் அன்றன்றே படமெடுத்துச் சேர்த்துவிடுகிறேன், ஏனெனில் வெப்பத்தாளில் அச்சாகும் எழுத்து வெளிச்சத்திலும் சூட்டிலும் மங்கிப் போய்விடும்.

தமிழில் எழுதுவதில் ஒரே ஒரு கவனம் தேவை: கோப்பு யூடிஎஃப்-8 முறையில் (எல்லா மொழி எழுத்துகளையும் அடக்கும் யூனிகோடைச் சேமிக்கும் ஒரு முறை) சேமிக்கப்படுவதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். விண்டோஸின் நோட்பேட் 2019-இல்தான் இதை இயல்புமுறையாக்கியது. அதற்கு முந்தைய இயல்புமுறையில் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும். இடத்தைப் பற்றிக் கவலை வேண்டியதில்லை. யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட்டுகள் தேவைப்பட்டாலும், நாளுக்கு ஒரு பக்கம் வீதம் ஓராண்டு எழுதுவது ஏறத்தாழ ஒரு கைப்பேசிப் படத்தின் அளவுக்குள் அடங்கிவிடும். அதனால் முழுத் தொகுப்பையும் மடிக்கணினியில், ஒரு பென் டிரைவில், வேறொரு நாட்டில் உள்ள உறவினர் வீட்டில் என மூன்று இடங்களில் வைத்திருக்கிறேன்.

குறைகளும் உண்டு. படங்களை எழுத்தின் நடுவே பார்க்க முடியாது. கோப்பில் படத்தின் பெயரை எழுதிவிட்டுத் தனிக் கோப்புறையில் தேட வேண்டியிருக்கிறது. இணையம் இல்லாத இடத்தில் கைப்பேசியிலும் மடிக்கணினியிலும் ஒரே நாளின் கோப்பைத் திருத்தினால், சின்க்திங் போன்ற ஒத்திசைவு மென்பொருள் இரண்டு பிரதிகளை உண்டாக்கும். அவற்றைக் கையால்தான் இணைக்க வேண்டும். எனவே பயணத்தில் கைப்பேசி, தங்கும் ஊரில் மடிக்கணினி என்று பிரித்துக்கொண்டேன். இவற்றைவிடக் கனமானது, உரைக்கோப்புக்குப் பூட்டு இல்லை என்பது. எல்லையில் மின்கருவிகளைச் சோதிக்கும் அதிகாரம் பல நாடுகளின் அலுவலர்களுக்கு உண்டு. நாட்குறிப்பில் நம்மைப் பற்றி மட்டுமா எழுதுகிறோம்? நம்மிடம் மனம்விட்டுப் பேசியவர்களும் அதில் இருக்கிறார்கள். அதனால் வெராகிரிப்ட் என்ற மென்பொருளைக் கொண்டு மறையாக்கம் செய்த (கடவுச்சொல் இன்றிப் படிக்க முடியாத) பகுதிக்குள் முழுத் தொகுப்பையும் வைத்துவிட்டு, கைப்பேசியில் நடப்பு வாரத்தின் கோப்புகளை மட்டும் கொண்டுசெல்கிறேன். உரைக்கோப்பைத் தேர்ந்தெடுப்பவர்கள் இந்த ஏற்பாட்டை முதல் நாளிலேயே செய்துகொள்ள வேண்டும் என்பேன்.

பயண நாள்களை நிறைய எழுத வேண்டும், வீட்டில் இருந்த நாளில் எழுத என்ன இருக்கிறது என்று பலர் கருதுகிறார்கள். நான் நேர்மாறாகச் செய்கிறேன். பயணத்துக்குப் பயணச்சீட்டும் படங்களும் சாட்சியாக இருக்கின்றன. குடியிருக்கும் ஊரில் கழிந்த சாதாரணச் செவ்வாய்க்கிழமைக்கு எந்தச் சாட்சியும் இல்லை. வீட்டு உரிமையாளரிடம் பேசியது, புதிய மொழியில் முதன்முறையாக மருத்துவரிடம் வலியை விளக்கியது, பேருந்து ஓட்டுநர் முகம் பார்த்துத் தலையசைக்கத் தொடங்கியது எல்லாம் அத்தகைய நாள்களில்தான் நடந்தன. இப்போது பயண நாள்களுக்கு நாலைந்து வரிகளோடு நிறுத்திக்கொண்டு, எதுவும் நடக்காததுபோல் தோன்றும் நாள்களுக்கே முழுப் பக்கத்தையும் ஒதுக்குகிறேன்.